குரல் வழிப் பாடம்: கம்பம் பள்ளத்தாக்கில் பஞ்சாயத்து ரேடியோ முதல் பாட்காஸ்ட் வரை

கல்வி பாட்காஸ்ட் ஒன்றை நடத்துவதில் பாடத்தைப் பேசிப் பதிவது சிறிய வேலை. பதிந்ததைத் தொலைவில் இருப்பவர் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், இப்படி ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியப்படுத்துவதும்தான் பெரிய வேலைகள். இந்த இரண்டு வேலைகளும் இணையத்தோடு பிறந்தவை அல்ல. ரேடியோ வந்த நாளிலிருந்து தமிழ்நாட்டில் இவற்றுக்காகப் பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த வரலாற்றை ஓர் ஊரில் நின்று பார்க்க வேண்டுமானால் தேனி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள கூடலூர் பொருத்தமான இடம்.

கூடலூரை அடுத்து லோயர் கேம்ப், அதற்கு மேல் மலைப்பாதை, உச்சியில் கேரள எல்லையான குமுளி. மேற்கிலும் தெற்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்கே மேகமலை. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின் மலைக்கு அப்பால் ஓடிய தண்ணீர் சுரங்க வழியாக இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. நெல்லோடு தென்னை, வாழை, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை. தினமும் விடிகாலையில் ஜீப்புகளில் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய் மாலையில் திரும்பும் கூலித் தொழிலாளர்கள். பயிர், கால்நடை, உடல்நலம், கணக்கு வழக்கு என்று கற்க வேண்டியது இவர்களுக்கு நிறைய. வகுப்பில் உட்கார நேரம் இல்லை. வேலை செய்துகொண்டே கேட்கக்கூடிய பாடத்துக்கு இதைவிடத் தகுந்த மாணவர் கிடைப்பது கடினம். ஆனால் தண்ணீரைக் கொண்டுவந்த அதே மலைகள் வானொலி அலைகளை மறித்தன.

தமிழகத்தில் ஒலிபரப்பு தொடங்கியது 1924இல். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று அமைத்த மதராஸ் மாகாண ரேடியோ கிளப் அந்த ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927இல் நின்றது. அதன் கருவியை வாங்கிக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரலில் தன் சொந்த ஒலிபரப்பை ஆரம்பித்தது. ரேடியோ பெட்டி வாங்க வசதியற்ற மக்களுக்காக மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பாட்டும் கதையும் கொண்ட நேரமும் ஒதுக்கப்பட்டது. கேட்பவர் தேடி வரட்டும் என்று காத்திராமல் கேட்பவர் கூடும் இடத்துக்கு ஒலியைக் கொண்டுபோன முதல் முயற்சி அது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் வந்தன. ‘வானொலி’ என்ற பெயரிலேயே தமிழில் ஓர் இதழ் வெளியானது. எந்த நாளில் எந்த மணிக்கு என்ன நிகழ்ச்சி என்பதை முன்கூட்டி அச்சிட்டுத் தருவதுதான் அதன் முக்கியப் பணி. விளம்பரம் என்று அன்றைக்கு இருந்தது அவ்வளவே.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஊர்ப்புறங்களில் ரேடியோ என்றால் பஞ்சாயத்து ரேடியோதான். பஞ்சாயத்து அலுவலகத்தை ஒட்டி ஒரு சின்ன அறை; உள்ளே பூட்டி வைத்த பெட்டி; கூரை மேல் குழாய் ஒலிபெருக்கி. மின்சாரம் எட்டாத ஊரில் பேட்டரி. பஞ்சாயத்துப் பணியாளர் ஒருவர் மாலையில் வந்து திறந்து, நிலையத்தைப் பிடித்து, இரவுச் செய்தி முடிந்ததும் பூட்டிக்கொண்டு போவார். நிலையத்தை மாற்றும் குமிழ் அவர் கையில். எதைக் கேட்பது என்று முடிவு செய்யும் உரிமை ஊருக்குக் கிடையாது. வீட்டில் சொந்தமாகப் பெட்டி வைத்திருந்தவர் அதற்கு ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இந்த உரிம முறை 1980களில்தான் ஒழிந்தது.

வானொலிப் பாடத்துக்கு மாலை நேரம் அமைந்ததில் வாழ்க்கைமுறைக்கு மட்டும் பங்கில்லை, இயற்பியலுக்கும் பங்கு உண்டு. மத்திய அலை பகலில் தரையை ஒட்டிச் செல்லும். மலை குறுக்கிட்டால் தேயும். பொழுது சாய்ந்தால் அதுவே வானத்தின் மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடத்தில் தொலைதூர நிலையங்கள் இருட்டிய பின் தெளிவதற்கு இதுவே காரணம். பகலில் வகுப்பறைக்காக ஒலிபரப்பான பள்ளி நிகழ்ச்சிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. உழவர் நிகழ்ச்சியோ வயலிலிருந்து ஆட்கள் திரும்பிய மாலைப் பொழுதில் வந்தது. அலையும் ஒத்துழைத்தது, ஆளும் ஓய்வாக இருந்தார். பள்ளி ஒலிபரப்பைவிட உழவர் ஒலிபரப்பு ஆழமாக வேரூன்றியதை விளக்கும்போது நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றியே பேசுவது வழக்கம். நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

ஒலிபரப்பினால் மட்டும் கற்றுவிடுவார்களா என்ற கேள்விக்கு விடை தேடியது புனே சோதனை. 1956இல் யுனெஸ்கோ உதவியோடு அன்றைய பம்பாய் மாநிலத்தின் 5 மாவட்டங்களில் 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊர்க்காரர்கள் வாரம் இருமுறை கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள், முடிந்ததும் விவாதிப்பார்கள், எழும் கேள்விகளை நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள், அடுத்த நிகழ்ச்சிகளில் பதில் வரும். மொத்தம் 20 நிகழ்ச்சிகள். மன்றம் இருந்த ஊர்களில் அறிவு வளர்ச்சி தெளிவாகத் தெரிந்தது. ரேடியோ மட்டும் இருந்த ஊர்களில் அந்த அளவுக்கு இல்லை என்று ஆய்வு செய்த பால் நியூராத் கண்டார். பெட்டியால் வராத பலன் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த வட்டத்தால் வந்தது. இந்த முடிவின் பேரில் 1959இல் மன்றங்கள் நாடு முழுவதும் விரிக்கப்பட்டன. விரித்த வேகத்தில், முதல் சோதனையில் ஒவ்வொரு மன்றத்துக்கும் கிடைத்த கவனிப்பு மெலிந்துபோனது. அரசுத் திட்டங்களுக்கு இது புதிதல்ல.

தமிழகத்தில் பெருவெற்றி பெற்றது திருச்சி நிலையம். 1966இல் சில நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் திறக்கப்பட்டபோது அவற்றுள் திருச்சியும் ஒன்று. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய ரகத்தோடு உள்ளூர் ரகத்தைக் கலந்து உருவாக்கிய குறுகிய கால நெல் ஏடிடீ 27 அப்போதுதான் தஞ்சை மாவட்டத்துக்கு வந்திருந்தது. நாற்றங்கால், உரம், பூச்சி மருந்து, அறுவடை என்று பயிரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்தந்த வாரத்தில் திருச்சி பேசியது. வேளாண் அலுவலரின் அறிவுரைக்கு நடுவே, அதே ரகத்தைப் பயிரிட்ட விவசாயியின் குரலும் வந்தது. ரகம் பரவிய வேகத்தில், தஞ்சை விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. ஆராய்ச்சி நிலையத்தின் பெயரையும் எண்ணையும் தள்ளிவிட்டு, செய்தி கொண்டுவந்த பெட்டியின் பெயரையே நெல்லுக்குச் சூட்டினார்கள். எந்த விளம்பர நிறுவனமும் பணம் கொடுத்து வாங்க முடியாத பெயர் அது.

இதன் அடுத்த படி வானொலிப் பண்ணைப் பள்ளி. தொடராகப் பாடங்கள், கேட்க விரும்புவோர் பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும், பாடத்தின் முடிவில் கேள்விகள், விடைகளை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பியவருக்குச் சான்றிதழ். பெயர் பதிவு என்ற சின்ன ஏற்பாட்டால், யார் கேட்கிறார்கள் என்றே தெரியாமல் காற்றில் பேசிக்கொண்டிருந்த நிலையத்துக்கு முதல்முறையாக முகவரிப் பட்டியல் கிடைத்தது. பாட்காஸ்ட்காரர்கள் இன்று ‘சந்தாதாரர்’ என்று எண்ணிப் பார்ப்பதன் மூத்த வடிவம் அந்த அஞ்சலட்டைக் கட்டு.

கம்பம் பள்ளத்தாக்குக்கு அருகில் நிலையங்கள் தாமதமாகவே வந்தன. திருநெல்வேலி நிலையம் 1963இல், மதுரை நிலையம் 1987இல். நிலைமையைத் தலைகீழாக மாற்றியது கொடைக்கானலில் நிறுவப்பட்ட பண்பலை ஒலிபரப்பி. 100.5 மெகாஹெர்ட்சில் வந்த அந்த ஒலிபரப்பைக் கோடைப் பண்பலை என்று மக்கள் அறிவார்கள். பண்பலை நேர்க்கோட்டில் செல்வது; மலையை வளைந்து கடக்காது. சமவெளியில் நட்ட கோபுரத்துக்கு இது பலவீனம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் நட்டால் இதுவே பலம்: அந்த உயரத்திலிருந்து கணக்குப்படி ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவு வரை அடிவானம் விரிகிறது. கூடலூர் அங்கிருந்து நேர்க்கோட்டில் 70 கிலோமீட்டருக்கும் குறைவு. அதுவரை மலை அடைத்துக்கொண்டிருந்த ஊர்களுக்கு மலை மேலிருந்தே ஒலி இறங்கியது. வீட்டிலும் டீக்கடையிலும் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பிலும் ஒரே நிலையம் தெளிவாகக் கேட்டது. பாட்டுக்காகத் திறந்த பெட்டியில் உழவர் நிகழ்ச்சியும் மருத்துவர் நேரமும் காதில் விழுந்தன. கல்வி நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் கிடைத்த கூட்டம் இப்படிப் பாட்டுக்கு வந்த கூட்டம்தான்; அதில் குறைவாக நினைக்க ஒன்றும் இல்லை.

அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசின் தனியுரிமை அல்ல என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் சமுதாய வானொலி நடத்த வழி திறந்தது. நாட்டின் முதல் கல்விநிறுவனச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலிருந்து பேசத் தொடங்கியது. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட வீச்சுத் திறன் 100 வாட். சமவெளியில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டும். மடிப்பு மடிப்பாக மலை கிடக்கும் நிலத்தில் அதுவும் சுருங்கும். உரிமத்துக்கான காத்திருப்பு, கோபுரம், கருவி, மின்சாரம் எல்லாம் சேர்ந்து சிறு அமைப்புகளைத் தயங்க வைத்தன.

இந்த இடத்தில்தான் தேனி மாவட்டம் வானொலியைச் சுற்றிக்கொண்டு வேறொரு பாதையில் போனது. கனடாவின் வான்கூவர் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்ட காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் என்ற அமைப்பு, விவசாயிகளுக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தை 2000களின் நடுவில் இம்மாவட்டத்தில் தொடங்கியது. களத்தில் பங்காளியாக இருந்தது, பெண்கள் சுய உதவிக் குழுக்களோடு பணியாற்றிய விடியல் என்ற தொண்டு நிறுவனம். பாடப்பொருளுக்குப் பல்கலைக்கழகங்கள், கடனுக்கு வங்கி என்று கூட்டு அமைந்தது. ஆரம்பத்தில் கிராமங்களில் கணினி மையங்களை நம்பினார்கள். ஆடு மேய்க்கும் பெண் மேய்ச்சலை விட்டு மையத்துக்கு வர வேண்டியிருந்ததே அதன் சிக்கல்.

2008–09 வாக்கில் கைபேசி விலை இறங்கியிருந்தது. 2007இல் தொடங்கப்பட்ட இஃப்கோ கிசான் சஞ்சார் நிறுவனம் ஏர்டெல் இணைப்பு வழியாக விவசாயிகளுக்கு நாளுக்கு ஐந்து குரல் செய்திகள் வரை அனுப்பிவந்தது. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். விடியலைச் சேர்ந்த சுமார் 300 பெண்கள் ஆடு வாங்க வங்கிக் கடன் பெற்றபோது கைபேசியின் விலையும் கடனிலேயே சேர்ந்தது. கைபேசி இனாமாக வரவில்லை. ஆட்டைப் போலத் தொழில் முதலாக வந்தது. அது வீட்டு ஆண்களின் சட்டைப் பைக்குப் போகாமல் பெண்கள் கையில் நின்றதற்கு இதைக் காரணமாகச் சொல்லலாம்.

இந்தக் குரல் செய்திகள் வழியே பாடம் கேட்பது இப்படி நடந்தது. மேய்ச்சல் காட்டில் கைபேசி அடிக்கும். எடுத்தால் மறுமுனையில் ஆள் இல்லை; பதிவு செய்த குரல் தமிழில் ஒரே ஒரு செய்தியைச் சொல்லும். நல்ல கிடாயைத் தேர்வது, சினை ஆட்டுக்குத் தீவனம், குடற்புழு நீக்க மருந்து கொடுக்கும் காலம் என்று ஏதாவது ஒன்று. ஒரு நிமிடத்தில் முகவுரைக்கு இடமில்லை. வணக்கம் சொல்லி அன்பான நேயர்களே என்று இழுத்தால் பாடம் போய்விடும். அரை மணி நேர வானொலி உரைக்குப் பழகிய எழுத்து நடையை வெட்டி, ஒரு செய்திக்கு ஒரு கருத்து, அந்தக் கருத்துக்கு ஒரு செயல் என்று சுருக்க வேண்டியிருந்தது. தமிழ்க் கல்வி ஒலியின் வரலாற்றில் இவ்வளவு இறுக்கமான எழுத்து வேறெங்கும் கேட்கப்பட்டதில்லை என்றே சொல்லலாம். கேட்ட செய்தியைப் பெண்கள் தங்களுக்குள் பேசிச் சரிபார்த்துக்கொண்டார்கள்; ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போன இந்தப் பக்கவாட்டுக் கற்றலையே திட்டத்தின் ஆய்வாளர்கள் முக்கியமாகக் குறித்தார்கள். புனேயில் 1956இல் கண்ட வட்டம், ரேடியோ இல்லாமல், கைபேசியைச் சுற்றி மறுபடி கூடியது. திட்டம் பின்னர் கென்யா, உகாண்டா, ஜமைக்கா முதலிய நாடுகளுக்குப் போனது.

இதற்கு முன்னும் பின்னும் வேறிடங்களிலும் குரலும் இணையமும் ஊர் வழக்கத்துக்கு ஏற்ப இணைந்தன. 1998இல் புதுச்சேரி ஊர்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையங்களில், அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து எடுத்த அலை உயர விவரத்தை வீராம்பட்டினத்து மீனவருக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இலங்கையின் கொத்மலை சமுதாய வானொலியில் நேயர் கேட்ட கேள்விக்கு இணையத்தில் விடை தேடி அதை ஒலிபரப்பில் விளக்கினார்கள். சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வராவில் பழங்குடி மக்கள் தொலைபேசியில் தாங்களே செய்தி பதிந்தார்கள்.

உலகம் பாட்காஸ்ட் என்று அழைத்தது இதற்கெல்லாம் இணையாக வேறு தடத்தில் வளர்ந்தது. இணையதளத்தில் புதிதாக வந்தவற்றைப் பட்டியலிடும் ஆர்எஸ்எஸ் என்ற ஓடையில் ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்க்கும் ஏற்பாட்டை டேவ் வைனர் 2000 டிசம்பரில் செய்தார். 2004இல் ஆடம் கரி போன்றவர்கள் அதை நிகழ்ச்சியாக்கினார்கள். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்தது. முதல் இரண்டு நாளில் 10 லட்சம் சந்தாக்கள் பதிவாயின. 2007இல் ஐடியூன்ஸ் யூ வழியாகப் பல்கலைக்கழக விரிவுரைகள் இலவசமாக வந்தன.

தொழில்நுட்பம் எளிமையானது. ஒலிக்கோப்பு ஒரு சேவையகத்தில் இருக்கும். ஓடை என்பது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு: தொடரின் பெயர், மொழி, படம், ஒவ்வொரு பாகத்துக்கும் தலைப்பு, சுருக்கம், தேதி, கால அளவு, ஒலிக்கோப்பின் முகவரி. செயலிகள் அந்த ஓடையை அவ்வப்போது படித்துப் புதிய பாகத்தைக் காட்டும். வெளியிடுபவர் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே ஒலியை அனுப்புவதில்லை; ஓடையின் முகவரியை ஒருமுறை கொடுத்தால் போதும். உரிமம் வேண்டாம், கோபுரம் வேண்டாம், மலையும் குறுக்கே நிற்காது.

ஆனால் கைபேசிக்கு இணையம் வேண்டும். அரை மணி நேரப் பேச்சை 64 கிலோபிட் தரத்தில் வைத்தால் கோப்பு சுமார் 14 மெகாபைட். 2ஜி காலத்தில் நொடிக்கு 40 கிலோபிட் வேகம் கிடைத்தால் அதை இறக்கவே ஏறத்தாழ 48 நிமிடம். பாடம் கேட்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம் அதிகம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலை சரிந்த பிறகே கம்பம், கூடலூர் போன்ற ஊர்களில் இது நடைமுறைக்கு வந்தது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது. அதே மாதம் அது வாங்கிய ஆங்கர், கைபேசியிலேயே பதிந்து செலவின்றி வெளியிட வசதி தந்தது. ‘கதை ஓசை’ போன்ற தமிழ் ஒலித் தொடர்கள் இலக்கியத்தைக் காதுக்குக் கொண்டுவந்தன. ஆஸ்திரேலியாவின் எஸ்பிஎஸ் தமிழ் தன் வானொலி நிகழ்ச்சிகளைப் பாட்காஸ்டாகவும் தருகிறது. அகில இந்திய வானொலியும் தன் நிலையங்களை நியூஸ் ஆன் ஏர் செயலியில் ஏற்றியது. பெட்டி இல்லாத வீட்டிலும் வானொலி கேட்கிறது.

வெளியிடுவது இவ்வளவு மலிந்ததும் பழைய சிக்கல் மறுபடி தலைதூக்கியது: இருப்பதை எப்படித் தெரிவிப்பது? செயலியில் தேடினால் தலைப்பில் உள்ள எழுத்தைத்தான் அது முதலில் தேடும். ‘வேளாண் சிந்தனைகள், பாகம் 7’ என்று வைத்தால் யாருக்கும் அகப்படாது. ‘பன்னீர் திராட்சையில் அடிச்சாம்பல் நோய்’ என்று வைத்தால் தேவைப்படுபவர் கையில் சிக்கும். சுருக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுவதும், பேச்சின் எழுத்து வடிவத்தை உடன் தருவதும் இதே காரணத்துக்காக. வாரத்தில் ஒரே நாளில் தவறாமல் வெளியிடுவது பண்ணைப் பள்ளியிலிருந்து மாறாத விதி.

தமிழகத்து ஊர்களில் இவற்றையெல்லாம் முந்திக்கொண்டு வேலை செய்வது வாட்ஸ்அப். 2013இல் அதில் குரல் செய்தி வந்தது. எழுதத் தயங்குபவரும் பேசி அனுப்பலாம் என்றானது. ஐந்து நிமிடத் துண்டு ஒன்று சுய உதவிக் குழுவுக்கோ விவசாயிகள் குழுவுக்கோ போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து பகிர்ந்து பகிர்ந்து பரவும். கேள்வியும் குரலிலேயே திரும்பி வரும். தனித்தனிக் காதுகளுக்காகப் பிறந்த பாட்காஸ்ட் இழந்திருந்த மன்றம் இதில் பாதி மீண்டது. பாதிதான்: பகிரப்பட்ட துண்டு யார் பேசியது, எந்த ஆண்டுக்கான மருந்து அளவு என்ற விவரம் கழன்று அலைகிறது. பூச்சிமருந்தின் அளவை மூன்றாண்டு பழைய குரலில் கேட்பது ஆபத்து. அதனால் கவனமுள்ளவர்கள் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் பேசுபவர் பெயரையும் நிறுவனத்தையும் தேதியையும் குரலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நிலையத்தின் பெயரையும் நேரத்தையும் சொல்லி ஆரம்பித்த வானொலி அறிவிப்பாளரின் பழக்கம் வேறு காரணத்துக்காகத் திரும்பியிருக்கிறது. யூடியூபில் ஒரே படத்தை வைத்து ஒலியை ஏற்றுவதும் பரவலாக நடக்கிறது. தேடலுக்கு அது உதவும், ஆனால் திரையை அணைத்தால் நின்றுவிடும் இலவச வடிவம் வயலில் வேலை செய்பவருக்குச் சரிப்படாது.

சேமிப்பு விஷயத்தில் வானொலியின் வரலாறு வருத்தமானது. நாடா விலை அதிகம் என்பதால் ஒலிபரப்பிய பேச்சை அழித்து அதே நாடாவில் அடுத்ததைப் பதிவது வழக்கமாக இருந்தது. உழவர் நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி அப்படிக் காற்றோடு போனது. கைபேசிக் குரல் செய்திகளும் கேட்டதோடு முடிந்தன. பாட்காஸ்டில் கோப்பு இருக்கும்வரை பழைய பாகமும் கேட்கும். அதற்கு யாராவது சேவையகத்தை நடத்திக்கொண்டிருக்க வேண்டும். நிறுவனங்கள் கடையைச் சாத்துவது இங்கும் உண்டு: ஐடியூன்ஸ் யூ 2021இன் இறுதியில் நின்றது, 2018இல் வந்த கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டு, கேட்டவர்கள் யூடியூப் மியூசிக்குக்கு அனுப்பப்பட்டார்கள். செயலி மூடினாலும் ஓடை வெளியிட்டவரிடம் இருந்தால் தொடருக்குச் சேதமில்லை. சேவையகத்தை மாற்றும்போது பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு நிரந்தரத் திருப்பம் போட்டுவிட்டால் கேட்பவருக்கு மாற்றமே தெரியாது. மூல ஒலியின் ஒரு பிரதியைச் சொந்த வட்டிலும், இன்னொன்றை இன்டர்நெட் ஆர்கைவ் போன்ற பொதுக் காப்பகத்திலும் வைப்பது இப்போது சிறு அமைப்புகளும் செய்யக்கூடிய காரியம். பொதுக் காப்பகத்தில் வைக்கச் செலவு ஏதும் இல்லை.